ரெஸ்யூமில் விடுபட்டுப்போன மூன்று மாதங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் டி.பார்ம், பி.பார்ம் என்னும் மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் படிக்க வைத்த பெற்றோருக்காகவும் இன்று பேச வந்திருக்கிறேன். மருத்துவமனை மருந்தகம் ஒன்றின் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்ததால், வேலை கேட்டு வந்த ரெஸ்யூம்களை நிறையப் படித்திருக்கிறேன். பெயரை மறைத்துவிட்டால் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும். "வளர்ந்துவரும் நிறுவனத்தில் என் திறமையை மேம்படுத்திக்கொள்ள விழைகிறேன்" என்ற வரியில் தொடங்கி, உறுதிமொழியில் முடிந்துவிடும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளுடைய அப்பா வராந்தாவில் காத்திருந்தார். மூன்று பக்க ரெஸ்யூமில் பயிற்சிக்கு ஒரே வரிதான்: "மருத்துவமனைப் பயிற்சி, மூன்று மாதம்." டி.பார்ம் படிப்பவர்கள் 500 மணி நேரம் செய்யும் பயிற்சி அது. "காலையில் போனதும் முதலில் என்னம்மா செய்வாய்?" என்று கேட்டேன். இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜைத் திறந்து, வெப்பமானி 2 முதல் 8 டிகிரிக்குள் காட்டுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுவதாகவும், மாலையிலும் அப்படியே எழுதுவதாகவும் சொன்னாள். ஒரு நாள் இரவு மின்சாரம் நின்று, காலையில் வெப்பமானி 11 டிகிரி காட்டியதாம். மருந்தாளுநரிடம் உடனே சொல்லி, அந்தக் குப்பிகளை யாருக்கும் கொடுத்துவிடாமல் வேறொரு ஃபிரிட்ஜில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "இதையெல்லாமா சார் எழுதுவாங்க?" என்றாள்.

இதைத்தான் எழுத வேண்டும், பிள்ளைகளே. மருந்தியலில் எடுத்த மதிப்பெண் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. அந்தக் காலை வேளை வேறு எங்கும் இல்லை. அன்று அவளையே உட்கார வைத்து, "இன்சுலின் ஃபிரிட்ஜின் வெப்பநிலையை நாள்தோறும் இருவேளை பதிவு செய்தேன், காலாவதி நெருங்கும் மருந்துகளை முன்வரிசைக்கு மாற்றி அடுக்கினேன்" என்று எழுத வைத்தேன். அப்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

செய்ததை எழுதுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். ஆனால் போகும் இடத்தைப் பார்த்து எதை மேலே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறவர் ஷெட்யூல் எச்1 பதிவேடு, அதாவது மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே கொடுக்க வேண்டிய சில மருந்துகளுக்கான தனிப் பதிவேடு, எழுதிய அனுபவத்தை முதலில் சொல்லலாம். மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு ஆகியவற்றை எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், அதை எழுதத் தெரிந்தவர் கடைக்காரருக்குப் பெரிய துணை. ஓசூரில் மருந்துத் தொழிற்சாலைக்கு விண்ணப்பிக்கும் பி.பார்ம் பட்டதாரி, ஆய்வகத்தில் எந்த மாத்திரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்ற கரைதல் சோதனையைச் செய்தார், எந்தக் கருவியைத் தம் கையால் இயக்கினார் என்பதை மேலே கொண்டுவர வேண்டும். தொடாத கருவியின் பெயரை எழுத வேண்டாம். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

நம் பகுதிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் பலர் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள். அதை ரெஸ்யூமின் கடைசி வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும், எதைப் பின் போட வேண்டும் என்று ஒரு பாட்டிக்கு அவருடைய மொழியிலேயே சொல்லத் தெரிந்தவரை மருத்துவமனை மருந்தகம் விரும்பும். அங்கே போகும்போது அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நேரம் முடியப்போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. நேர்காணலைப் பற்றி விரிவாகப் பேச இயலவில்லை. தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலின் பதிவெண்ணைப் பெயருக்குக் கீழேயே எழுதுங்கள். இன்னும் வரவில்லையென்றால் விண்ணப்பித்திருப்பதை உள்ளபடி எழுதுங்கள். கைப்பேசி எண்ணை வேறொருவரிடம் கொடுத்து ஒரு முறை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.