எலுமிச்சைப்புல் நுனி காய்கிறது, தேநீரில் மணமில்லை: பாலக்கோட்டுச் சகோதரியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி இவ்வாறு கேட்டிருக்கிறார்: "மாடியில் ஒரு தொட்டியில் எலுமிச்சைப்புல் வைத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இலை நுனிகள் காய்ந்து வெளுத்துப்போகின்றன. தேநீர் வைத்தால் மணமே இல்லை, புல் நெடிதான் அடிக்கிறது. நாற்று சரியில்லையா? இந்தச் செடி இருந்தால் கொசு வராது என்கிறார்களே, அது உண்மையா?"

முதலில் நாற்றைச் சந்தேகப்பட வேண்டாம். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோலின் மணம் எழுந்தால் அது சரியான செடிதான். சோப்பு போன்ற காட்டமான நெடி வந்தால் மட்டும், நாற்றுப் பண்ணையில் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புல்லான சிட்ரோனெல்லாவை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள்; அதைத் தேநீருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நுனி காய்வதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. நிலத்தில் நட்ட செடிக்கு அந்த உப்பு மழையில் கரைந்து கீழிறங்கிவிடும். தொட்டியிலோ நீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கி, மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். உங்கள் தொட்டியின் விளிம்பிலும் அப்படிப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால், மாதம் ஒருமுறை, மழைநீர் கிடைத்தால் மழைநீரையே, அடித்துளை வழியாக நன்றாக வழிந்தோடும் வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். செம்மண், மணல், மட்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்த மண்ணும், நாள் முழுவதும் வெயில் விழும் இடமும் இதற்குப் போதும். வறட்சியைத் தாங்கும் இந்தப் புல், வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும்.

அடுத்தது, வெட்டாமல் விட்டிருப்பது. பாசத்தால் பலர் கத்தியையே எடுப்பதில்லை. நட்ட மூன்று நான்கு மாதங்களில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டு, அதற்கு மேலுள்ள இலைகளை ஒருசேர அறுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அறுத்தால் இளந்தளிர் வந்துகொண்டே இருக்கும். இலை ஓரம் கையைக் கிழிக்கும், கவனமாக இருங்கள். தூர் தொட்டியை அடைத்துவிட்டால், ஆடி மழையில் பிரித்து, வேருள்ள பக்கக் கன்றுகளைத் தனித்தனியே நடலாம்.

மணம் போவது அடுப்பில்தான். இந்தப் புல்லின் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால் என்னும் மணப்பொருள்; எலுமிச்சைத் தோலின் வாசனையும் அதனால்தான். அது நீராவியோடு எளிதில் பறந்துவிடும். இந்தப் புல்லிலிருந்து எண்ணெய் எடுப்பதே நீராவியால் என்றால், திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவைப்பது அந்த எண்ணெயைச் சமையலறைக் காற்றுக்குக் கொடுப்பதற்குச் சமம். ஒரு குவளைக்கு இரண்டு மூன்று இலைகளை முடிச்சாகக் கட்டி, தண்ணீர் கொதித்தவுடன் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். நார் மிகுந்தது என்பதால் வடிகட்டியே குடிக்க வேண்டும். களிக்கு வைக்கும் கொள்ளு ரசத்தில், நசுக்கிய அடித்தண்டு ஒன்றைக் கடைசியில் போட்டு மூடுவது என் வழக்கம். பெருங்காயத்தைக் குறைத்தால்தான் அதன் மணம் தெரியும்.

தேநீருக்கு எந்தத் தண்ணீர் என்பதும் நம் மாவட்டத்தில் முக்கியம். அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு மிகுந்த நிலத்தடி நீரைக் கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும். ஒகேனக்கல் குடிநீர் வருகிறதென்றால் அதையே எடுங்கள். கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதை வழக்கமாகக் குடிக்க வேண்டாம்.

கொசுவைப் பொறுத்தவரை, தொட்டியில் சும்மா நிற்கும் செடி எதையும் விரட்டாது, ஏனெனில் எண்ணெய் இலைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. அந்தத் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் நீர் தேங்கினால், கொசு அங்கேயே முட்டையிடும்.