ஏழரை ஷில்லிங் கட்டுரை

அவையோருக்கு வணக்கம். பொறியியலோ இயற்பியலோ படித்தவர்கள் ‘கிரீன் தேற்றம்’ என்ற கணித முடிவைத் தேர்வுக்கு முந்தைய இரவாவது உருப்போட்டிருப்பீர்கள். அந்த ஜார்ஜ் கிரீன் 1793-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர், ரொட்டிக்கடைக்காரர் மகன். எட்டு வயதில் பள்ளிக்கூடம் போனார், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக, அவ்வளவுதான். பிறகு அப்பாவின் ரொட்டி அடுப்பு, அதன்பின் ஸ்னீன்டனில் அப்பா கட்டிய காற்றாலை.

தானாகவே மேதையானார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1823-இல் அவர் ஊரின் சந்தா நூலகத்தில் சேர்ந்தார். லாப்லாஸ், பாய்சான் போன்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்களைக் கரைத்துக் குடித்தவர் என்பதற்கு அவர் எழுத்தே சாட்சி.

1828-இல் மின்சாரம், காந்தம் பற்றிய கட்டுரையைச் சொந்த முயற்சியில் அச்சிட்டார். விலை ஏழரை ஷில்லிங். அதை வாங்க ஒப்புக்கொண்ட சந்தாதாரர்கள் 51 பேர். பெரும்பாலும் உள்ளூர்ப் பெரியமனிதர்கள். படித்துப் புரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்!

உள்ளே என்ன இருந்தது? ஓர் உலோகக் கூட்டுக்குள் மின்னூட்டம் தாறுமாறாக விரவியிருக்கிறது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் கணக்கிடப் போனால் திணறுவோம். கிரீன், ஒரே ஒரு புள்ளியில் ஓரலகு மின்னூட்டத்தை வைத்தார். கூட்டின் சுவரில் மின்னழுத்தம் சுழியாக இருக்கும்படி அதன் விளைவைக் கண்டுபிடித்தார். அந்த ஒரு விடை கையில் இருந்தால் போதும். மின்னூட்டம் எப்படிக் கிடந்தாலும் புள்ளி புள்ளியாகக் கூட்டிவிடலாம். இதைத்தான் இன்று கிரீன் சார்பு என்கிறோம்.

சந்தாதாரர்களில் ஒருவரான எட்வர்ட் பிராம்ஹெட்டுக்குச் சரக்கு புரிந்தது. அவர் ஊக்கத்தால் 1833-இல், நாற்பது வயதில், கிரீன் கேம்பிரிட்ஜ் மாணவரானார். 1839-இல் அங்கே கல்லூரி ஃபெலோ, அதாவது கல்லூரியின் ஆய்வறிஞர் உறுப்பினர். மணமாகாதவர்களுக்கு மட்டுமே உரிய பதவி அது. ஜேன் ஸ்மித்தோடு அவருக்கு மொத்தம் ஏழு பிள்ளைகள். ஆனால் சட்டப்படி கல்யாணம் ஆகவில்லையே, விதிக்கு என்ன குறை? 1841-இல், 47 வயதில் இறந்துபோனார்.

1845-இல் இளைஞர் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, தன் ஆசிரியரிடமிருந்து இந்தக் கட்டுரையைப் பெற்றுப் பாரிசுக்குக் கொண்டுபோனார். ஒரு மாலை ஸ்டர்ம் என்ற கணித அறிஞர் தேடி வந்து பக்கங்களைப் புரட்டினார். தான் கண்டதாக நினைத்திருந்த தேற்றம் அதில் இருக்கக் கண்டு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் என்று தாம்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். 1850 முதல் ஒரு ஜெர்மன் ஆய்விதழ் அதை மூன்று பகுதிகளாக மறுபதிப்பு செய்தது.

இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் அலைகளைக் கணக்கிட அமெரிக்க இயற்பியலாளர் ஜூலியன் ஷ்விங்கர் பிடித்ததும் இந்தக் கிரீன் சார்புகளைத்தான். போர் முடிந்ததும் அவற்றையே, ஒளியும் மின்துகள்களும் ஊடாடுவதை விளக்கும் குவாண்டம் மின்னியக்கவியலுக்குக் கொண்டுபோனார்; அந்தத் துறைக்காக 1965-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிரீனின் இருநூறாவது ஆண்டான 1993-இல், நாட்டிங்ஹாமுக்கே வந்து அந்தக் கடனைச் சொல்லிவிட்டும் போனார்.