தரை வடிகாலில் நிற்க வேண்டிய தண்ணீர்: கட்டடச் சேவைத் துறைக்குப் புதிதாக வரும் தொழில் பழகுநர்களுக்கு

[திரையில்: ஒரு குளியலறைத் தரை. கேமரா மெல்ல வடிகால் மூடியை நெருங்குகிறது.]

வணக்கம். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஹாங்காங்கில் உள்ள அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவியது. சில வாரங்களுக்குள் அங்கு வசித்தவர்களில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். எப்படி இத்தனை வேகமாகப் பரவியது என்று அரசு நடத்திய விசாரணை, நீங்கள் இப்போது திரையில் பார்க்கும் இந்த இடத்தில்தான் வந்து நின்றது. குளியலறைத் தரையில் இருக்கும் சாதாரண வடிகால் அது. அதற்குள் எப்போதும் நின்றிருக்க வேண்டிய கொஞ்சம் தண்ணீர், பல வீடுகளில் வற்றிப்போயிருந்தது.

கட்டடச் சேவைத் துறையில் தொழில் பழகுநராகச் சேரவிருக்கும் ஒருவருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த நிகழ்வின் முழு விவரத்துக்கு நான் திரும்பி வருவேன். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னணி வேண்டும். அதை விரைவாகக் கடந்துவிடலாம்.

மின்சாரம், குடிநீர், கழிவுநீர், குளிரூட்டல், காற்றோட்டம், தீயணைப்பு, மின்தூக்கி ஆகியவற்றைக் கட்டடத்துக்குள் பொருத்தி, இயங்கச் செய்து, பராமரிக்கும் வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டடச் சேவைகள் என்று பெயர். தொழில் பழகுநர் என்பவர் வேலைத்தளத்தில் உழைத்தபடியே, ஊதியம் பெற்றபடியே, அத்தொழில்களில் ஒன்றைக் கற்பவர். பயிற்சி நிலையத்தில் பாடமும் தேர்வும் உண்டு. எத்தனை ஆண்டுகள், என்ன சான்றிதழ் என்பது நாட்டுக்கு நாடு, தொழிலுக்குத் தொழில் மாறும். பின்னணி இவ்வளவுதான்.

[திரையில்: ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகை அகற்றப்படுகிறது, உள்ளே குழாய்களும் டக்ட்களும் கேபிள் ட்ரேக்களும் தெரிகின்றன.]

முதன்முறையாக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பவருக்கு, உள்ளே இருப்பது ஒழுங்கில்லாத குவியலாகத்தான் தோன்றும். பாரிஸில் 1977இல் திறக்கப்பட்ட போம்பிடு மையத்தைக் கட்டியவர்கள் இந்தக் குவியலை மறைக்காமல், கட்டடத்தின் வெளிமுகத்திலேயே நிறுத்திக் காட்டினார்கள். காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மக்கள் ஏறி இறங்கும் வழிகளுக்குச் சிவப்பு என்று வண்ணமும் தீட்டினார்கள். மற்ற கட்டடங்கள் இந்த உதவியைச் செய்வதில்லை. எனவே, அந்தக் குவியலுக்குள் இருக்கும் ஒழுங்கைப் படிக்க நீங்களே பழக வேண்டும்.

அந்த ஒழுங்கின் முதல் விதி, புவியீர்ப்பை மட்டுமே நம்பி ஓடும் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பது. அக்குழாய் 80க்கு 1 என்ற சரிவில் போனால், 10 மீட்டர் தூரத்தில் 125 மில்லிமீட்டர் இறங்கியாக வேண்டும். குறுக்கே ஏதோ வருகிறது என்று அதை மேலே ஏற்றி இறக்க முடியாது. அடுத்து, காற்றைக் கொண்டுசெல்லும், உருவத்தில் மிகப் பெரிய டக்ட்கள் இடம் பிடிக்கும். அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் வளைந்து போகலாம் என்பதால் அவை அதற்கும் பிறகு. எங்கும் நுழையக்கூடிய கேபிள்கள் பெரும்பாலும் கடைசியில் இடம் தேடிக்கொள்கின்றன.

டக்ட் ஏன் அவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று யாராவது உங்களிடம் கேட்டால், நான் மிகவும் விரும்பும் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். ஒரே கனஅளவு எடுத்துக்கொண்டால், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். இயந்திர அறையிலிருந்து குளிர்ச்சியைக் கைக்குள் அடங்கும் குழாயில் தண்ணீராகக் கொண்டுவந்துவிடலாம். அதையே காற்றாகக் கொண்டுவர ஓர் ஆள் தவழ்ந்து செல்லும் அளவுக்கு டக்ட் தேவைப்படும். பெரிய கட்டடங்களில் குளிர்ந்த தண்ணீரைத் தளம்தோறும் அனுப்பி, அங்கே காற்றைக் குளிரவைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது முதல் மாதங்களில் நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு வருவோம். பொருள்களைத் தூக்குவீர்கள், ஏணியைப் பிடிப்பீர்கள், குழாயின் வெட்டிய முனையில் பிசிறு எடுப்பீர்கள், ரசமட்டமும் அளவு நாடாவுமாக, குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ஹேங்கர் வரிசைக்குக் குறி போடுவீர்கள். இந்த வேலைகள் அறிவுக்குத் தீனி போடுவதில்லை என்று நினைத்து, சிலர் ஆறு மாதத்துக்குள் துறையை விட்டே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனென்றால், அந்த ஹேங்கர் குறியில்தான் நான் சற்று முன் சொன்ன 80க்கு 1 என்ற கணக்கு முழுவதும் இருக்கிறது. அந்தச் சரிவில் 20 மில்லிமீட்டர் என்பது 1.6 மீட்டர் நீளத்துக்கான மொத்த இறக்கம். வரிசையின் நடுவில் ஒரே ஒரு ஹேங்கர் 20 மில்லிமீட்டர் மேலே போய்விட்டால், அதற்கு முன்னால் வரும் துண்டில் கழிவுநீர் தேங்கும், கசடு படியும், ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். அப்போது மேலே பூச்சும் வண்ணமும் முடிந்து, மக்கள் குடிவந்திருப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நூறு விதிகளை உங்களுக்குச் சொல்வார்கள், அனைத்தையும் கேளுங்கள். நான் இங்கே இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்பது ஒன்று, கம்பியில் மின்சாரம் இல்லை என்பது வேறொன்று. மின்சுற்றைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்ட பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. முதலில் சோதனைக் கருவியை, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நீங்கள் தொடப்போகும் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். அதன் பிறகு மீண்டும் முதல் இடத்துக்கே போய், கருவி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது படி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நடுவில் கருவி பழுதாகியிருந்தால், அது உயிருள்ள கம்பியையும் உயிரில்லாதது என்றே காட்டும் என்பதற்காகத்தான்.

இரண்டாவது, குழாய்களின் அழுத்தச் சோதனை. தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது குழாய் உடைந்தால், பெரும்பாலும் பீய்ச்சி அடித்து, நனைத்து, நின்றுவிடும். தண்ணீர் ஏறக்குறைய சுருங்காத பொருள் என்பதால் அதில் சேமிப்பாகும் ஆற்றல் மிகக் குறைவு. அதே அழுத்தத்தில் காற்றை அடைத்துச் சோதித்தால், சுருங்கிய காற்று விரிந்து, குழாயின் துண்டுகளை எறிபொருளைப் போல வீசக்கூடும். காற்றால் சோதிக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. அங்கே உங்கள் மேற்பார்வையாளர் தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நில்லுங்கள்.

[திரையில்: கைகழுவும் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயின் குறுக்குவெட்டு, வளைவில் நீல நிறத்தில் தண்ணீர்.]

சரி, தரை வடிகாலுக்குத் திரும்புவோம். இந்த வீடியோவை நான் எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

கைகழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் நேராக இறங்காமல் வளைந்து ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ட்ராப் என்று பெயர். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஓடி முடிந்த பிறகு, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். பல விதிமுறைகள் அதன் ஆழம் குறைந்தது 50 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கின்றன. கழிவுநீர்க் குழாயில் இருக்கும் காற்றுக்கும் நீங்கள் மூச்சு விடும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் கதவு அந்தத் தண்ணீர் மட்டுமே. அசையும் பாகம் கிடையாது, மின்சாரம் வேண்டாம், பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தானே புதுப்பித்துக்கொள்ளும். எஸ் எழுத்தைப் போல வளைந்த இந்தக் குழாயைக் கழிப்பறைக்குப் பொருத்தி 1775இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங். அவருடைய தொழில் கடிகாரம் செய்வது. நுணுக்கமான பற்சக்கரங்களோடு வாழ்ந்த ஒருவர், பற்சக்கரமே இல்லாத ஒரு தீர்வைத் தந்தார் என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு இரண்டு வழிகளில் திறந்துகொள்ளும். மேல் தளத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஒன்றாக விழும்போது, அது தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். அந்த இழுப்பு ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடக்கூடும். அதைத் தடுக்கத்தான் காற்றுக்குழாய் ஒன்றைக் கூரைக்கு மேல் வரை கொண்டுபோகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடாத இந்தக் குழாயை இத்தனை உயரத்துக்கு எதற்காக ஏற்றுகிறோம் என்று நீங்கள் ஒரு நாள் வியர்வையோடு யோசிப்பீர்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி இதைவிட எளிமையானது. பயன்படுத்தாமல் விட்டால், தண்ணீர் ஆவியாகிவிடும்.

அமோய் கார்டன்ஸில் அதுதான் நடந்திருந்தது. குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், துடைத்தே சுத்தம் செய்துவந்த வீடுகளில், தரை வடிகாலின் ட்ராப்புக்குத் தண்ணீர் போய்ச் சேரவே இல்லை. நோயுற்று வயிற்றுப்போக்கோடு அங்கே வந்து தங்கிய ஒருவரிடமிருந்து கிருமி செங்குத்துக் கழிவுக்குழாய்க்குள் போனது. குளியலறைக் கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டபோது, அறைக்குள் அழுத்தம் குறைந்தது. வெளியே போன காற்றுக்கு ஈடாக, வறண்டுபோன ட்ராப் வழியாகக் கழிவுக்குழாயின் காற்று உள்ளே வந்தது. அரசின் விசாரணை கண்டறிந்த முக்கிய வழி இதுவே. அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையிலான காற்றுவெளி வழியாகவும் கிருமி மேலே ஏறியிருக்கலாம் என்று பிறகு வந்த ஆய்வும் சொன்னது. நோயுற்றவர்களில் ஏராளமானோர் ஒரே கட்டடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள்.

இங்கே நான் உங்களிடம் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இருக்கிறது. ட்ராப் வைத்தவர் தம் வேலையைச் செய்திருந்தார். ஃபேன் மாட்டியவரும் தம் வேலையைச் செய்திருந்தார். ஃபேன் இழுக்கும் காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்ற கேள்வி, பிளம்பருடைய வேலையாகவும் இல்லை, எலக்ட்ரீஷியனுடைய வேலையாகவும் இல்லை. இருவருடைய வேலைக்கும் இடையில் கிடந்தது. நீங்கள் ஒரு தொழிலைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள், அதில் ஆழமாகப் போவதுதான் சரி. ஆனாலும் உங்கள் குழாய்க்கு அருகில் ஓடும் அடுத்தவர் குழாய் என்ன செய்கிறது என்று முதல் ஆண்டிலேயே கேட்கத் தொடங்குங்கள். உணவு இடைவேளையில் கேட்டால், பெரும்பாலான மூத்த தொழிலாளர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். தம் வேலையைப் பற்றி வேறு தொழிலைச் சேர்ந்த ஓர் இளைஞர் கேட்பது அவர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

சேருமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே அளவுகோலாக வையுங்கள். எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் யார், ஒரே வகை வேலையில் நிறுத்திவைப்பீர்களா அல்லது மாற்றி மாற்றி அனுப்புவீர்களா, கட்டடம் முடிந்ததும் நடக்கும் சோதனை ஓட்டத்தில் எனக்கு இடம் உண்டா என்று மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். எல்லாத் தொழில்களும் ஒரே நேரத்தில் இயங்கி, ஒன்றையொன்று தொடுவதை நீங்கள் நேரில் காணும் நாள் அதுதான். ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அதற்கு வேண்டிய மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் என்று பாடத்தில் படிப்பீர்கள். திறன் வேகத்தின் மும்மடியைப் பின்தொடர்வதால், 0.8 ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512 வரும். அதே எண்ணை நேரில், உங்கள் கையில் இருக்கும் மீட்டரில் இறங்கக் கண்டவர்களுக்கு அந்தப் பாடம் மறப்பதில்லை.

இத்துறையில் ஏற்கனவே வேலை செய்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் முதல் ஆண்டில் அடுத்த தொழில்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தைக் கீழே எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் அதைப் படிப்பார்கள்.

வீடியோவை நிறுத்துவதற்கு முன் ஒரு வேண்டுகோள். நீங்கள் இப்போது இருக்கும் கட்டடத்தில், வெகுநாளாக யாரும் பயன்படுத்தாத குளியலறையோ தரை வடிகாலோ இருந்தால், எழுந்து போய் அதில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள்.

[திரையில்: குவளையிலிருந்து தண்ணீர் வடிகாலுக்குள் விழுகிறது. காட்சி முடிகிறது.]