மேற்கே கறுத்தால் துணியைச் சுருட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

படப்பிடிப்புக்குப் போகும் கேரவன் வண்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பட்டறை சாலிகிராமத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் சினிமா வண்டிகள் மட்டும்தான் வரும். இப்போது ஜீப்புக்குப் பின்னால் கேம்பர் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு தங்கிவிட்டு வருகிறவர்களும் வருகிறார்கள். வண்டி எதுவானாலும் அடிக்கடி வரும் பழுது ஒன்றுதான்: ஆனிங் போய்விட்டது. வண்டியின் பக்கவாட்டில் விரித்து, அடியில் நாற்காலி போட்டு உட்காருவோமே, அந்தத் துணிக்கூரை.

புயலில் போவதில்லை. வர்தா மாதிரி ஒரு புயல் வருகிறது என்றால் யாரும் துணியை விரிக்கப் போவதில்லை. ஆனிங்கை உடைப்பது பெயரில்லாத சாயங்காலக் காற்று.

முட்டுக்காட்டில் ஒரு செப்டம்பர் மாலை நானே பார்த்தேன். மத்தியானத்திலிருந்து கடல்காற்று சீராக வந்துகொண்டிருந்தது. வண்டி காற்றை மறைக்க, மேற்குப் பக்கம் ஆனிங்கை விரித்திருந்தோம். வெயிலும் அந்தப் பக்கம்தானே, சரியான ஏற்பாடுதான். ஐந்து மணி இருக்கும், கடல்காற்று சட்டென்று நின்றது. புழுக்கம். மேற்கே வானம் மை பூசியது போல இருந்தது. சில நிமிடங்களில் ஜில்லென்று ஒரு காற்று, இந்த முறை மேற்கிலிருந்து நேராக ஆனிங்குக்கு அடியில் புகுந்தது. துணி மேல்நோக்கி உப்பியது. முன்கால் இரண்டும் மணலை விட்டு ஒரு சாண் எழுந்தன. அடுத்த வீச்சில், துணியைச் சுருட்டி வைக்கும் ரோலர் குழாயோடு சேர்ந்து எல்லாம் வண்டிக் கூரைமேல் புரண்டு விழுந்தது. ஆனிங்கைத் தாங்கும் கைகளை வண்டியோடு பிடித்திருந்த எட்டு ரிவெட்டில் ஆறு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. துணியில் மட்டும் ஒரு கிழிசல்கூட இல்லை.

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'இன்னும் கெட்டியான துணி போடுங்க' என்று கேட்கிறார்கள். துணி கெட்டியாக ஆக, அந்த இழுப்பு முழுவதும் கைகளுக்கும் ரிவெட்டுக்கும்தான் போகும்.

கணக்கு இதுதான். பத்தடிக்கு எட்டடி ஆனிங். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதில் நேராக மோதினால், ஏறத்தாழ 55 கிலோ விசை, ஒரு ஆள் எடை. காற்று 80 ஆனால் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். அதாவது நாலு ஆள். 'இடியுடன் கூடிய மழை, 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று' என்று வானிலை அறிவிப்பில் கேட்டால், தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொண்டல் கிழக்கிலிருந்து வரும், கோடை மேற்கிலிருந்து வரும் என்று நம் பெரியவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பல நாட்களில் ஒரே மாலையில் இரண்டையும் பார்த்துவிடலாம். வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் மறைப்பு கிடைக்கும். அதனால் கடல்காற்று திடீரென்று நின்று, மேற்கே கறுத்திருந்தால், யோசிக்காமல் சுருட்டுங்கள். இரவு தூங்கப் போகும்போதும், வண்டியை விட்டு எங்கேயாவது நடந்து போகும்போதும் விரித்துவைக்க வேண்டாம்.

விரித்திருக்கும் நேரத்துக்குக் கயிறு வேண்டும். கடற்கரை மணலில் சின்ன டென்ட் ஆணி நிற்காது. ஒரு கோணியில் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் படுக்கவைத்துப் புதையுங்கள். மேலே மணலை நன்றாக மிதித்து இறுக்குங்கள். கெட்டி மண் என்றால் ஒரு முழ நீளக் கம்பி முளை போதும். அதன் தலை வண்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிற்றுக்கு நடுவில் ஒரு துண்டு சைக்கிள் டியூப்பைச் சேர்த்துக் கட்டுவது என் பழக்கம். காற்று வெட்டி இழுக்கும்போது அந்த ரப்பர் நீண்டு கொடுக்கும், ரிவெட் தப்பிக்கும்.

துணி படபடவென்று அடித்தால் சும்மா விடாதீர்கள், இழுத்துக் கட்டுங்கள். தையல் அந்த அடியில்தான் விடும். அப்புறம், ஒரு முன்காலை ஒரு சாண் இறக்கி வையுங்கள். மழைத்தண்ணீர் வழிந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே பத்து கிலோ பாரம்.

சுருட்டும்போது இரண்டு பேர் வேண்டும். ஸ்பிரிங் ரோலர் கை நழுவினால் சுழன்று அடித்துவிடும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காற்று ஏற்கெனவே துணியைத் தூக்கிவிட்டதென்றால் பிடித்துத் தொங்க வேண்டாம், விலகிவிடுங்கள். ரிவெட்டை நான் மாற்றித் தருவேன்.

நனைந்த துணியைச் சுருட்டியிருந்தால், மறுநாள் காலை காற்று எழும் முன் ஒரு மணி நேரம் விரித்துக் காயவையுங்கள். இல்லையென்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கரும்புள்ளி விழுந்துவிடும். அது எதைப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

வணக்கம்.