தட்டா, தொழுவமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பூமியின் சூடு தணிய முதலில் மாற வேண்டியது சாப்பாட்டுத் தட்டா, மாட்டுத் தொழுவமா? எங்கள் அணி தொழுவம்.

எதிரணி அம்மா, "கறியை விட்டால் போதும், பூமி பிழைத்துக்கொள்ளும்" என்றார். நல்ல கைதட்டல். போய் உட்கார்ந்ததும் அவர் குடித்தது என்ன? பால் காபி!

மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்க வைக்கும்போது மீத்தேன் பிறக்கிறது. பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. 20 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 80 மடங்கு சூடேற்றும். கறிக்கு வளர்த்தாலும் பாலுக்கு வளர்த்தாலும் ஏப்பம் ஏப்பம்தானே? உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு நம்முடையது. 2019 கணக்கெடுப்பில் மாடும் எருமையும் சேர்த்து 30 கோடிக்கு மேல். கறி வாசனையே படாத வீட்டிலும் தயிரும் நெய்யும் உண்டு.

எதிரணி அம்மா அமெரிக்காவை எடுத்துக்காட்டாகச் சொன்னார். சரி, அவ்வளவு மாட்டுக்கறி தின்கிற ஊரில் தட்டு மாறட்டும். பிரேசிலில் மேய்ச்சலுக்காகக் காடு அழிகிறது, அதுவும் உண்மை. அதற்கு உசிலம்பட்டியில் இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்?

தொழுவத்துக்கு வாருங்கள். 3 லிட்டர் கறக்கிற மாடும் ஏப்பம் விடும், 10 லிட்டர் கறக்கிற மாடும் விடும். இது கொஞ்சம் கூடுதலாகவே விடும், ஆனால் மூன்று மடங்கு விடாது. அதே பாலுக்குக் குறைந்த மாடுகள் போதும். சினை பிடிக்காமல் மாதக்கணக்கில் வற்றி நிற்கிற மாடு இருக்கிறதே, அது பாலே தராமல் ஏப்பம் மட்டும் விடுகிறது! வெறும் வைக்கோலோடு நிறுத்தாமல் பசும்புல், வேலிமசால், தாது உப்புக் கலவை கொடுங்கள். பருவம் பார்த்துச் சினை ஊசி போடுங்கள். மீத்தேன் என்ற பேச்சையே எடுக்காமல், வருமானத்துக்காகவே விவசாயி இதைச் செய்வார். பெங்களூரில் மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறையும் என்கிறார்கள்.

டென்மார்க் 2024-இல் ஒரு முடிவெடுத்தது: கால்நடை வெளியிடும் வாயுவுக்கு 2030 முதல் வரி. பன்றிக்கறியும் வெண்ணெயும் ஊருக்கெல்லாம் விற்கிற நாடு அது. வரி தின்கிறவர் மேலா? இல்லை, பண்ணை மேல்! எதிரணியில் அடுத்து வருபவர் முதலில் இந்த டென்மார்க்குக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் தட்டைத் தூக்கட்டும். நன்றி, வணக்கம்.