சிங்கக் கெபியா, பலகணியா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், அறுப்பின் பண்டிகைக்குக் கூடியிருக்கிற சேலத்துச் சபையாருக்கும், எதிரணியினருக்கும் ஸ்தோத்திரம்.

விசுவாசத்தின் உறுதியை அதிகம் உரைத்துப் பார்ப்பது பெருந்துன்பமா, அன்றாட வாழ்க்கையா? இதுதான் தலைப்பு. அன்றாட வாழ்க்கைதான் என்பது என் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, வேதாகமத்துத் தானியேலைச் சிங்கக் கெபியில், அதாவது சிங்கக் குகையில், இறக்கிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நானும் தட்டினேன். அப்புறம்தான் யோசித்தேன். கெபிக்குள் தானியேல் முடிவெடுக்க என்ன இருந்தது? கல்லை வைத்து அடைத்து முத்திரையும் போட்டாயிற்று. மனம் மாறினாலும் வெளியே வர வழியில்லை. அதுவும் ஒரே ராத்திரி.

அவர் முடிவெடுத்த இடம் வேறு. ராஜாவைத் தவிர யாரிடமும் 30 நாள் விண்ணப்பம் பண்ணக்கூடாது, மீறினால் சிங்கக் கெபி என்று கட்டளை. எருசலேமுக்கு நேரான பலகணியை, அதாவது ஜன்னலை, திறந்துவைத்து, தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டு ஜெபிப்பது அவர் வழக்கம். ஒரு மாசம் மூடிவைத்து உள்ளே முணுமுணுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? நாமாக இருந்தால் கொசு வருது என்று சொல்லியாவது சாத்தியிருப்போம். அவர் சாத்தவில்லை. அதற்கு முந்தியே எதிரிகள் அவருடைய உத்தியோகக் கணக்கைக் குடைந்து பார்த்துவிட்டார்கள், ஒரு குற்றமும் அகப்படவில்லை என்று தானியேல் புத்தகத்தின் அதே 6ஆம் அதிகாரம் சொல்கிறது. கெபிக்குப் போனவர், கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே ஜெயித்தவர்.

இயேசுவின் சீஷர் பேதுருவைப் பாருங்கள். இயேசுவைப் பிடிக்க ஆயுதங்களோடு கூட்டம் வந்தபோது பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டினவர். அதே ராத்திரியில், "நீயும் அவருடைய சீஷனா?" என்று வாசல்காக்கிற வேலைக்காரி கேட்ட ஒரு கேள்விக்கு "நான் அல்ல" என்றுவிட்டார். பட்டயத்துக்கு அஞ்சாதவரை ஒரு சாதாரண விசாரிப்பு சாய்த்துவிட்டது.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதியவன் நான். கொலுசைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்திருக்கிற நடுவருக்காகச் சொல்கிறேன். நூறு கிராமில் சுத்த வெள்ளி எத்தனை கிராம் என்பதுதான் டச். கண்ணிகளைப் பற்றவைக்கிற பற்றாசில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். அது கூடினால் டச் இறங்கும். பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டு கொலுசும் ஒரே மினுக்குதான், உருக்கினால்தான் வண்டவாளம் தெரியும்.

ஒரு சமயம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று வாரம். ஜெபக்குழுவில் முறைபோட்டு வந்தார்கள், கேரியரில் சாப்பாடு வந்தது. என் விசுவாசம் அசையவில்லை. அசைய விட்டால்தானே? ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அதே மாசம் ஒரு வியாபாரி வந்து, எழுபத்தைந்து டச் சரக்குக்குச் சீட்டில் எண்பது என்று எழுதச் சொன்னார். "எல்லாரும் எழுதுறதுதானே தம்பி?" முதலாளி கடையில் இல்லை. ஜெபக்குழுவும் இல்லை. எழுதிக்கொடுத்தேன்.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன்தான், ஐயா. மறுநாள் கூப்பிட்டுத் திருத்தி எழுதிக்கொடுத்தேன். அந்த ஒரு நாள் ராத்திரி இருக்கிறதே, அம்மா படுத்திருந்த மூன்று வாரத்திலும் அப்படி ஒரு ராத்திரி எனக்கு வரவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தும் ஆலயத்துக்கு வருகிறவர்களை எதிரணி காட்டியது. அவர்களைப் பார்த்து நான் தலைவணங்குகிறேன், அங்கே வாதம் பண்ண மாட்டேன். ஆனால் அவர்களைக் கேட்டால், அந்த ஒரு நாளைவிட, அதற்கப்புறம் வந்த வெறும் செவ்வாய்க்கிழமைகளைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது டிரைவர் கண் கொட்டாமல் ஓட்டுவார். இறங்கும்போதுதான் பாட்டுப் போடத் தோன்றும், கியரை மறந்து பிரேக்கையே மிதிக்கத் தோன்றும். பிரேக் சூடேறிக் கருகும் வாசனை வருவது இறக்கத்தில்தான். கஷ்டம் ஏற்றம், ஐயா. நம் சம்பளத் தேதி, கல்யாண வீடு, கடைக் கல்லா எல்லாம் இறக்கம்.

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு பக்கம் கையில் இருக்கிறது. ஒரு நிமிஷம் கூட எடுத்துக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் அப்படி எடுத்தால் என் அணியை நானே தோற்கடித்ததாகிவிடும். இறங்கிக்கொள்கிறேன், ஸ்தோத்திரம்.