மருத்துவமனை அனுப்பிவிட்ட பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

புற்றுநோயாளிகளுக்கு உதவும் அமைப்பு என்றால், ஆபரேஷனுக்குப் பணம் திரட்டிக் கொடுப்பவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தப் பணமும் வேண்டும்தான். நான் இன்று பேச வந்தது அதற்கு அப்புறம் வரும் நாட்களைப் பற்றி. "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிய பிறகு, அந்த வீட்டில் என்ன நடக்கிறது? அந்த வாசல்படியை யார் மிதிக்கிறார்கள்?

நான் குமரி மாவட்டத்துக்காரி. வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் தன்னார்வலர். இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது எல்லை தாண்டி, கேரளத்தில். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்துத் துறைப் பேராசிரியராக இருந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார், இன்னும் சிலர் சேர்ந்து, வலியைத் தணிப்பதற்கென்றே ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்திலேயே ஓர் உண்மை அவர்களுக்குப் புரிந்தது. மிக மோசமான நிலையில் இருப்பவரால் மருத்துவமனைக்கு வரவே முடியாது. அவர் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். எத்தனை டாக்டர்கள் இருந்தாலும் அத்தனை வீடுகளுக்கும் போக முடியாது. ஊர்க்காரர்கள் கைகொடுத்தால்தான் முடியும். அப்படித்தான் 1999-இல் மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்தாரின் வலைப்பின்னல் உருவானது. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். பதினாறு மணி நேர வகுப்பு. அப்புறம் நான்கு நாள் நர்ஸோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்க வேண்டும். பணமும் பெரும்பாலும் ஊரிலேயே சேர்ந்தது. கடை மேஜையில் ஓர் உண்டியல், பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறை, மாதாமாதம் தரும் சிறு தொகை. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அதுதான் முதல். இன்று அங்கே பஞ்சாயத்துகளே நர்ஸை வைத்து வீட்டுக்கு அனுப்புகின்றன.

சரி, வீட்டுக்குப் போய் என்ன செய்கிறோம்?

முதலில் வலி. மாத்திரை எடுத்தால் நான்கு மணி நேரம் தாங்குகிறதா, ராத்திரி தூங்கினாரா என்று கேட்போம். சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காத வலிக்கு மார்ஃபின் வேண்டும். அபினிலிருந்து எடுப்பது அது. மருந்துக்கான அபினை முறைப்படி விளைவித்து உலகத்துக்கே விற்கும் நாடு நம் நாடு. ஆனால் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தது. 1985-இல் நாட்டில் 716 கிலோ மார்ஃபின் மருந்தாகப் பயன்பட்டது. 1997-இல் வெறும் 18 கிலோ. இந்தக் கணக்குக்குப் பின்னால் எத்தனை பேர் கதறியிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். ராஜகோபாலும் அவரோடு இருந்தவர்களும் பல வருடம் விடாமல் போராடியதில், 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டம் மாறினாலும் வீட்டுக்குள் இருக்கும் பயம் மாறுவதில்லை. "இது குடுத்தா அடிமையாயிடுவாங்களே" என்று மகன் மாத்திரையை ஒளித்து வைப்பார். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் வலியும் அடங்கும், ஆளும் தெளிவாக இருப்பார். மார்ஃபின் எடுத்தால் மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் கூடவே மருந்து உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால், வயிறு உப்பி, மார்ஃபினே வேண்டாம் என்று நோயாளி ஒதுக்கிவிடுவார்.

அடுத்தது புண். இதை வானொலியில் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த வீடுகளில் யாருமே இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மார்பகத்திலோ கன்னத்திலோ கட்டி உடைந்து வரும் நாற்றத்தால் நோயாளியைப் பின்கட்டில் தனியாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் கிட்டே வருவதில்லை. அந்தப் புண்ணைச் சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் என்ற விலை குறைந்த மாத்திரையைப் பொடித்துத் தூவி நர்ஸ் கட்டுப்போடுவார். சில நாட்களில் நாற்றம் நன்றாகக் குறைந்துவிடும். அப்புறம் பார்த்தால் கட்டில் முன்னறைக்கு வந்திருக்கும். கட்டுப்போடும் முறையை வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் நர்ஸ் கிளம்புவார். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். தண்ணீர் மெத்தை, சக்கர நாற்காலி எல்லாம் இரவல் தருகிறோம். வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும்.

சில வீடுகளில் அரிசிதான் முதல் மருந்து. சம்பாதித்தவரே படுத்துவிட்டார், பார்த்துக்கொள்வதற்காக மனைவியும் வேலையை விட்டுவிட்டார் என்றால் அடுப்பு எப்படி எரியும்? அதனால்தான் கேரளத்துக் குழுக்கள் மளிகைச் சாமான், பிள்ளைகளின் பள்ளிச் செலவு வரை பார்க்கின்றன. இதையும் சிகிச்சையாகவே நினைப்பதுதான் அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது வாசலிலேயே தொடங்கிவிடும். நாங்கள் செருப்பைக் கழற்றும்போதே மகள் ஓடிவந்து, "அப்பாவுக்கு என்ன நோய்னு தெரியாதுக்கா, சொல்லிடாதீங்க" என்பார். உள்ளே போனால் அப்பா என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும்மா. பாப்பாகிட்ட சொல்லிடாதே, தாங்கமாட்டா" என்பார். இது நான் பல வீடுகளில் பார்த்தது. இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து, சேர்ந்து அழக்கூட முடியாமல் தனித்தனியே கிடக்கிறார்கள். அங்கே நாங்கள் அவசரப்பட்டு எதையும் உடைத்துச் சொல்வதில்லை. "அவருக்கு என்ன தெரியும்னு நான் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று மகளிடம் கேட்போம். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். உட்கார்ந்து கேட்பதற்கு நேரம் இருக்கும் ஒருவர் வேண்டும். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அந்த நேரம் எப்படிக் கிடைக்கும்? பக்கத்துத் தெருக்காரரால் அது முடியும்.

தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே தரும் ஆதரவு சிகிச்சை, அதாவது நான் இதுவரை சொன்ன மாதிரி வலியையும் கஷ்டத்தையும் தணிக்கும் கவனிப்பு, உண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். நர்ஸ் வருவதற்குள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை கொடுத்தோம், திரும்ப எத்தனை மணிக்கு வலி வந்தது, ராத்திரி தூக்கம் எப்படி, மலம் போனதா. டாக்டர் மருந்தின் அளவை மாற்ற அது பெரிய உதவி. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், போய்ப் பாருங்கள். அவருக்குத் துணையாக ஒரு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்தால், அந்த வீட்டு அம்மா குளித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

வணக்கம்.